மஞ்சள் கறையைத் தின்னும் கரிசல் வெயில்!

உங்களுக்குத் தெரியுமா?

வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டதா? எத்தனை சோப்பு போட்டும் மஞ்சள் போகவில்லையா? கோவில்பட்டி வெயிலில் ஒரு பகல் காயப் போடுங்கள். கறை வெளிறிவிடும்! மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை வெயிலே உடைத்துப் போடுகிறது!

அதே குர்குமின், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும்! இப்படி ஒளிரும் மூலக்கூறுகளை ஒளியே அழிப்பதற்குப் பெயர் 'ஒளிவெளுப்பு'. ஒளிர வைப்பதும் ஒளி, அழிப்பதும் ஒளி!

1871இல் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய பச்சைச் சாயம் ஃப்ளோரசின். அதன் ஒரு மூலக்கூறு வெளுத்துப் போவதற்குள் எத்தனை முறை மின்னும்? சுமார் 30,000 முறை!

1877இல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ ஃப்ளோரசினைக் கொட்டினார்கள். சாயத்தை வெளுக்க வைக்கப் பாதாளத்தில் வெயில் ஏது? 60 மணி நேரம் கழித்து வேறோர் ஊற்றில் பச்சையாகப் பொங்கியது!

கரிசல் காட்டில் ராத்திரி புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தேள் நீலப்பச்சையாக ஜொலிக்கும்! செத்த தேளும் ஒளிரும்! புதிதாகத் தோலுரித்த தேள் மட்டும் ஒளிராது. தேள் மீது புற ஊதா ஒளியை நாள்கணக்கில் பாய்ச்சினால், அந்த ஜொலிப்பும் மங்கிவிடும்!

சலவைத் தூள் போட்டுத் துவைத்த வெள்ளை வேட்டி, மேடையின் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடுகிறதே, ஏன்? தூளில் கலந்த ஒளிரும் வேதிப்பொருள்தான்! அதையும் வெயில் விடாது!

சுவர் போஸ்டரில் கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் ரோஸ் நிறம், சாதாரண மையைவிடச் சீக்கிரம் வெளுக்கும்!

1928இல் சர் சி.வி. ராமனோடு ராமன் விளைவைக் கண்டவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898இல் பிறந்தவர். ஊர்? நம்ம வத்திராயிருப்பு! இன்றும் ராமன் விளைவில் சிதறும் ஒளியை அளக்கும்போது பொருளின் ஒளிர்வு குறுக்கே வரும். என்ன செய்கிறார்கள்? லேசரைக் கொஞ்ச நேரம் பாய்ச்சி, ஒளிர்வை வெளுக்க வைத்துவிட்டு அளக்கிறார்கள்!

ஒரு சில மூலக்கூறுகளை மட்டும் ஒளிர விடு, இடத்தைக் குறி, வெளுக்க வை, அடுத்ததற்குப் போ! இப்படிப் படம் எடுக்கும் நுண்ணோக்கியைச் செய்த எரிக் பெட்சிக்குக் கிடைத்தது 2014 நோபல் பரிசு!

நாளைக்கே நீங்களும் செய்யலாம். மஞ்சள் கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியின் நடுவில் ஒரு 5 ரூபாய் நாணயத்தை வைத்து, காலையிலேயே மொட்டைமாடி வெயிலில் விரித்துவிடுங்கள். மாலையில் நாணயத்தை எடுங்கள். சுற்றிலும் வெளிறிய துணி, நடுவில் வட்டமாக மஞ்சள்!