குடும்பப் படத்தில் இல்லாத வீடுகள்

ஆரம்ப வகுப்பில் 'எனது குடும்பம்' என்று ஐந்து வசனம் எழுதச் சொல்வது எங்கள் பாடசாலைகளில் பழைய வழக்கம். அப்பாவின் பெயர், அவர் செய்யும் தொழில், அம்மாவின் பெயர், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், நாங்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறோம். ரீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரியைப் பார்த்துப் பிள்ளைகள் விறுவிறென்று எழுதி முடிப்பார்கள். வன்னியில், விசுவமடுவிலும் ஒட்டுசுட்டானிலும் கனகராயன்குளத்திலும் அந்த வகுப்பில் சில பிள்ளைகள் முதல் வசனத்திலேயே நின்றுவிடும். அப்பா வேறு குடும்பமாகிப் போய்விட்டார். அம்மா குவைத்தில் வீட்டுவேலை. வளர்ப்பது அம்மம்மா. இதில் எதை எழுதுவது?

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது மிஞ்சி வந்தவர்கள், ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர், செட்டிகுளத்து மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் மூடப்பட 2012 செப்டம்பர் ஆயிற்று. ஊர் திரும்பிய பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியது ஒரு பெண்தான். அரச படிவங்கள் அவற்றைப் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று ஒரே கூட்டில் போட்டுவிடுகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விதம். செத்துப்போன அக்காவின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த சித்தி. ஒரு கால் இல்லாத அம்மா. அந்தக் கூட்டுக்குள்கூட வராதவர்களும் உண்டு: மகனையும் மருமகளையும் பறிகொடுத்துப் பேரப்பிள்ளையோடு மட்டும் மிஞ்சிய அப்பப்பா. தாய் உயிரோடு இருந்தும் வறுமையால் சிறுவர் இல்லத்தில் விடப்பட்ட பிள்ளை. இவர்களோடு, 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் கழித்துத் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணா, தங்கச்சி என்று நான்கு பேர் நிற்கும் படத்துக்குள் இவர்களில் எவரும் அடங்குவதில்லை.

வன்னிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை போரைக் காணவில்லை. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் கிடந்த பிள்ளைகள் இப்போது அதன் அப்பாவும் அம்மாவும். வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2009இல் வெளியானது. 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்லடி, உறவினர் சாவு போன்ற கொடிய அனுபவத்துக்கு ஆளானவர்கள் என்றும், 25 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது என்றும் அது கண்டது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் இன்று இரவில் தங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டியவர்கள். கதை சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியுமோ என்று பயந்து சும்மா இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே அம்மம்மா மடியில் வைத்திருக்கும் படம், பிள்ளை ஒருநாளும் காணாத மாமாவினுடையது. இறந்தவர் என்று திவசம் செய்யவும் முடியாது, வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இந்த விதமான இழப்பை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார். பிள்ளைக்கோ அது ஆராய்ச்சி இல்லை, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் தினமும் பூ வைக்கப்படும் ஒரு முகம். 'மாமா எங்கே?' என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் ஏன் மௌனமாகிறார்கள் என்பதை அதற்கு விளங்கப்படுத்த ஒரு கதைப்புத்தகம்கூட இல்லை.

எங்கள் மண்ணில் நாடகம் செய்த வேலையைப் புத்தகம் செய்யவில்லை. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் பிள்ளைகளுக்காகவே 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார்; போர் மனதைக் குலைப்பதை 'அன்னை இட்ட தீ'யில் மேடைக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பில் 1996இல் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மற்றவர்களும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்ற சிறுவர் களத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். பெரியவர்களுக்கான எழுத்திலும் வன்னி இல்லாமல் இல்லை, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இலேயே வந்துவிட்டது. சிறுவர் புத்தகத்தில்தான் வெறுமை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொப்பித் தாளுக்கே தட்டுப்பாடு என்பது ஒரு காரணம். போருக்குப் பிறகு அந்தக் காரணம் செல்லாது. ரூம் டு ரீட் நிறுவனம் 2005இல் இலங்கையில் வேலை தொடங்கித் தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் கதைகளை அச்சிட்டது. ஆனால் எங்கள் வீடுகளுக்குள் காசு கொடுத்து வாங்கி வரும் புத்தகம் பெரும்பாலும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளாகவே இருக்கிறது.

இங்கே ஜெல்லா லெப்மனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு ஓடிய யூதப் பெண் அவர். 1945இல், போரில் சிதைந்த அதே நாட்டுக்கு, அமெரிக்க இராணுவத்தின் ஆலோசகராகத் திரும்பிப் போனார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன தேவை என்று சொல்வது அவருடைய பணி. ரொட்டியோடு புத்தகமும் வேண்டும் என்றார். பல நாடுகளுக்கு எழுதி, உங்கள் பிள்ளைகளின் புத்தகங்களை அனுப்புங்கள் என்று கேட்டு, 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். அந்தக் காலத்தில் அவர் தானே மொழிபெயர்த்து, மலிவுத் தாளில் 30,000 பிரதி அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கதை எது தெரியுமா? சண்டை பிடிக்க மறுத்து, மரநிழலில் இருந்து பூ முகரும் பெர்டினாண்ட் என்ற காளையின் கதை. குண்டு விழுந்த நகரத்துப் பிள்ளைக்குக் குண்டைப் பற்றிய கதை கொடுக்க அவர் அவசரப்படவில்லை. 1949இல் மியூனிக்கில் சர்வதேச இளையோர் நூலகமும், 1953இல் சிறுவர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பும் அவருடைய முயற்சியால் உருவாயின.

வன்னிப் பிள்ளைக்கு எழுதப்போகிறவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பதும் இதுதான். அம்மம்மாவோடு வளரும் பிள்ளையைப் பற்றிக் கதை எழுதினால், அம்மம்மாவோடு வளர்வதை அந்தக் கதையின் துயரமாக்காதீர்கள். பிள்ளை இரணைமடு வான்கதவு திறக்கிற அன்று தண்ணீர் பார்க்கப் போகட்டும், வழியில் மழை வரட்டும், அம்மம்மா குடையோடு தேடி வரட்டும். வாசிக்கிற பிள்ளை 'எங்கட வீடு மாதிரி' என்று மட்டும் நினைத்தால் போதும். செயற்கைக் கால் போட்ட அம்மா சந்தைக்குப் போகிற கதையில் விஷயம் சந்தையாக இருக்கட்டும். மாமாவின் படம் சுவரில் இருக்கலாம், பிள்ளை கேட்கலாம், 'எங்களுக்கும் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறம்' என்று அம்மம்மா உண்மையைச் சொல்லலாம். பொய்யான ஆறுதலைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முன்மாதிரிகள் தூரத்தில் இல்லை. சுனாமிக்குப் பிறகு சென்னை துலிகா பதிப்பகத்துக்காகச் சந்தியா ராவ், கடலைச் சிநேகிதனாக எண்ணியிருந்த சிறுவனின் கதையை எழுதினார். 2004 டிசம்பர் 26இல் அதே கடல் முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனதை நினைத்தால், அந்தக் கதையை எங்களில் ஒருவர் ஏன் எழுதவில்லை என்று கேட்காமல் இருக்கமுடியவில்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', வீட்டில் யாரும் பேசாத பாலியல் தொந்தரவைப் பிள்ளைகளோடு பேசி, 2020க்கான பால சாகித்திய விருதைப் பெற்றது. பையன் என்று எல்லோரும் சொல்ல, தன்னைப் பெண்ணாக உணரும் குழந்தையைப் பற்றிய கனக் சஷியின் 'குத்லி' கதையும் துலிகா வெளியீடுதான். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். இலவசமாக இறக்கி அச்சிடலாம், எங்கள் பேச்சுக்கேற்ப வசனங்களை மாற்றவும் உரிமை உண்டு. ஒரு முன்பள்ளி ரீச்சர் தவணை விடுமுறையில் செய்துவிடக்கூடிய வேலை அது.

புத்தகத்தை மருந்தாக நினைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. வட இலங்கையில் 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் பரிசோதித்துப் பார்த்த உளசமூக நிகழ்ச்சித்திட்டம் ஒன்றின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. சில பிள்ளைகளுக்கு நன்மை தெரிந்தது. பெண் பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகளில் மாறான விளைவும் தெரிந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கதையை வாசித்துவிட்டு 'உனக்கு என்ன நடந்தது, சொல்லு' என்று வகுப்பின் நடுவில் பிள்ளையை எழுப்பிவிடுவது கொடுமை. சொல்ல விரும்பினால் அது தானாகச் சொல்லும். இரவில் திடுக்கிட்டு எழும்பும் பிள்ளையை, பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையை, உளவளத்துணையாளரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப்போக வேண்டும்.

ஒக்டோபர் தோறும் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பரிசளிப்பு. அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒரு பிரதேச சபை ஒதுக்கினால் பதினாறு பக்கப் படக்கதைகள் சிலவற்றை அச்சிட்டுத் தன் எல்லைக்குள் இருக்கும் வாசிகசாலைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் கொடுக்கலாம். வாசிகசாலையில் பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்து, சனிக்கிழமை பின்னேரம் யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கலாம். அம்மம்மாக்களும் கேட்கட்டும், அவர்களில் பலருக்குப் பேரப்பிள்ளையிடம் பேசத் தெரியாமல் இருப்பது சொல் கிடைக்காததால்தான்.

எழுத ஆட்கள் இருக்கிறார்கள். 2009இல் பத்து வயதாக இருந்து, மெனிக் பாம் கூடாரத்துக்குள் பாடம் படித்து, பிறகு முன்பள்ளி ஆசிரியைகளாகவும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகவும் வந்தவர்கள் இப்போது அதே ஊர்களில் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் எந்த வசனத்தில் நின்றுவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் எவரும் இதுவரை ஒரு கதை கேட்கவில்லை. கேட்கவேண்டியது கல்வி வலயங்களும் பிரதேச சபைகளும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும். கோவில் கோபுரத்துக்கு அனுப்பும் காசில் ஒரு சிறு பங்கு ஓவியருக்கும் அச்சகத்துக்கும் போதும்.