அம்மாவுக்கும் முதுகு வலிக்கும்!

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. பெரியவனைக் குளிப்பாட்டி நாற்காலிக்குத் தூக்கினேன். இடுப்பில் 'சுரீர்' என்றது. அவனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசற்படியில் நின்ற சின்னவள், "அம்மா, இன்னிக்கும் நீ வரமாட்டியா?" என்றாள். அன்று அவளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி.

என் மகனுக்கு 14 வயது. மூளை முடக்குவாதம். நடக்க முடியாது. கை சொன்னபடி கேட்காது. அவன் பேச்சு வீட்டாருக்கு மட்டும்தான் புரியும். ஆனால் பாட்டின் முதல் இசையைக் கேட்டதுமே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவான்!

கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்புதான் இதற்குக் காரணம். "கிரகணத்தன்னிக்கு நீ வெளியே வந்திருப்பே" என்றார் என் மாமியார். பல வருஷம் அதை நம்பி உள்ளுக்குள் குமைந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்ன பிறகுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

ஒரு வேளைச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. ராத்திரியில் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு மூன்று தரம் எழுந்திருக்க வேண்டும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் வாயில் வைத்த சோற்றைத் துப்பினான். பளாரென்று அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இடுப்பு வலிக்குப் பிறகு பயிற்சி தரும் அம்மாவிடம் போனபோது அவர் கேட்டார்: "பையனை நீங்க பாத்துக்கறீங்க, சரி. உங்களை யார் பாத்துக்கறாங்க?" அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை! பிள்ளையைத் தூக்கும் முறையையும் அவரே சொல்லித் தந்தார். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். பிள்ளையை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகக் கூடாது. கனம் கூடிவிட்டால் இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டும்.

அன்றிரவு கணவரிடம் மனம்விட்டுப் பேசினேன். "நான் குறுக்கே வந்தா நீ கோவிச்சுப்பேன்னுதான் ஒதுங்கியே இருந்தேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். 'என்னைத் தவிர யாருக்கும் இது வராது' என்று நானும் யாரையும் கிட்டே விடவில்லை. இப்போது காலைக் குளியல் அவர் பொறுப்பு. ராத்திரிச் சாப்பாடு மாமியார் பொறுப்பு. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் எனக்கும் சின்னவளுக்கும் மட்டும்!

நம்மைப் போன்ற தாய்மார்கள் என்னவெல்லாம் சாதித்திருக்கிறார்கள் தெரியுமா? 1972-ல் பம்பாயில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார் மித்து ஆலூர். அவருடைய மகள் மாலினிக்கும் மூளை முடக்குவாதம்தான். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வித்யாசாகர். அவரும் இத்தகைய ஒரு மகனின் தாய்.

'நமக்குப் பிறகு யார்?' என்ற கேள்வி எனக்கும் உண்டு. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். மாவட்ட ஆட்சியரும் இடம்பெறும் குழுவிடம் இதற்கு மனுச் செய்ய வேண்டும். அதே அமைப்பின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு பெறலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மழை நாளில் இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் இந்தத் தடவை சின்னவளின் பள்ளி ஆண்டு விழாவில் நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்!

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். 'அய்யோ பாவம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு மணி நேரம் நான் தம்பி பக்கத்துல இருக்கேன். நீங்க கடைக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்தத் தாய்க்கு அது எத்தனை பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும்.