கொள்கலனும் விடுபட்ட துணையும்

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொழும்புத் துறைமுகத்தில் இரும்புக் கொள்கலன்கள் அடுக்கடுக்காக நிற்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். உள்ளே இருப்பது தேயிலையாயினும் துணியாயினும், பெட்டியின் அளவு வரையறுக்கப்பட்டது. ஆதலால் எந்தத் துறைமுகத்துப் பாரந்தூக்கியும் அதனைத் தூக்கும். 1956 ஆம் ஆண்டில் அமெரிக்கரான மல்கம் மக்லீன் இத்தகைய 58 பெட்டிகளை ஒரே கப்பலில் அனுப்பினார். அம்முறை பின்னர் உலக வணிகத்தையே மாற்றியமைத்தது.

கணினித் துறையும் இவ்வழியைக் கைக்கொண்டுள்ளது. ஒரு மென்பொருளையும் அது இயங்குவதற்கு வேண்டிய துணை மென்பொருள்களையும் ஒரே கட்டாகக் கட்டுவதே மென்பொருட் கொள்கலனாகும். கொழும்பில் 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் ஆக்கங்களை இவ்வடிவிலும் உலகிற்கு வழங்குகின்றது. பல கணினிகள் சேர்ந்த தொகுதியில் இக்கொள்கலன்களை நடத்துவது குபெர்நெட்டீஸ் என்னும் மென்பொருள். கூகிள் நிறுவனத்தார் 2014 இல் இதனை வெளியிட்டனர். கிரேக்க மொழியில் இப்பெயருக்குப் பொருள் மீகாமன் என்பதாம்.

மீகாமனுக்கும் கட்டளை வேண்டும். அக்கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தால், அவற்றை மனிதக் கை படாமலே நிறைவேற்றும் கருவி அன்சிபிள். இது 2012 இல் வெளிவந்தது. இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்கின்றது. கொள்கலன் தன் துணைகளை எல்லாம் தன்னுடன் கொண்டிருக்கும். அதனை ஏவுகின்ற கருவியோ தன் துணையின்றி வந்து நிற்கும். அன்சிபிள், குபெர்நெட்டீசுடன் பேசுவதற்குப் பைதன் மொழியில் அமைந்த ஒரு துணை மென்பொருள் தேவை. அது இல்லையெனின், பிழைச்செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு வேலை நின்றுவிடும்.

துணையை நிறுவிய பின்னரும் அதே பிழை தோன்றுவதுண்டு. காரணம் யாது? வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கொட்டாஞ்சேனையிலுள்ள சமையற்காரருக்குப் பிட்டு அவிக்கும் முறையை எழுதி அனுப்புகிறார் என்று கொள்வோம். நீற்றுப்பெட்டி வெள்ளவத்தையில் இருந்து பயனென்ன? அடுப்பு எரியும் வீட்டிலன்றோ அது வேண்டும்! அவ்வீட்டிலும் இரண்டு சமையலறைகள் இருந்தால், சமையல் நடக்கும் அறையிலேயே அது இருத்தல் வேண்டும். அவ்வாறே, ஏவும் கணினியில் துணை இருந்தால் போதாது. வேலை நடைபெறும் கணினியில் இருத்தல் வேண்டும். ஒரே கணினியில் இரண்டு பைதன்கள் இருப்பின், அன்சிபிள் பயன்படுத்தும் பைதனுக்குள் அது இருத்தல் வேண்டும்.

ஆகவே, முதற்கண் பிழைச்செய்தியை இறுதிவரை வாசித்தல் நன்று. எந்தக் கணினி, எந்தப் பைதன் என்பதை அச்செய்தியே பெரும்பாலும் கூறிவிடும். இரண்டாவதாக, துணையை அங்கேயே நிறுவுக. அல்லது துணை உள்ள பைதனை அன்சிபிளுக்குச் சுட்டிக் காட்டுக. கணினியின் பொதுப் பைதனைத் தொடாது, தனியறை போன்ற சூழலொன்றை அமைத்து நிறுவுதல் பாதுகாப்பானது. மூன்றாவதாக, துணைகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு பட்டியலாக எழுதிவைத்தல் வேண்டும். அன்சிபிளையும் அதன் துணைகளையும் சேர்த்து ஒரு கொள்கலனாகவே கட்டிவிடும் முறையும் இன்று உண்டு.

சிறு துணைதானே என்று இகழ்தல் கூடாது. 2016 மார்ச் மாதத்தில், எழுத்துகளின் இடப்புறத்தை நிரப்பும் 11 வரி மென்பொருளொன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான ஆக்கங்களைக் கட்டியெழுப்ப இயலாமற் போயிற்று. அதனை மீண்டும் வைத்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

இன்று பரீட்சைப் பெறுபேற்றை மாணவன் இணையத்திலே பார்க்கின்றான். வங்கிக் கணக்கும் அங்கேயே. இத்தகைய சேவைகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத துணைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று தவறினும் காத்திருப்பவர்கள் பொதுமக்களே. எதனை நம்பி நிற்கின்றோம் என்பதை முன்னரே எழுதிவைப்பவர், பிறருடைய நேரத்தையும் காப்பவராவர்.