கம்ப்யூட்டரின் பரணைக் காலி செய்யுங்கள்!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்ந்தது. பார்த்தால், 'சி' டிரைவில் துளி இடமில்லை! ராம் போதாதபோது விண்டோஸ் கொஞ்சம் சாமானை அங்கேதான் இறக்கி வைக்கும். இடமில்லாவிட்டால் திணறத்தானே செய்யும்?

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாய்ப் போய், வேண்டாததை டிக் செய்து நீக்கலாம். ஆனால் சகோதரிகளே, அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீங்க! குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். இந்த வழியில் நீக்கினால் ரீசைக்கிள் பின்னில்கூடத் தேட முடியாது. முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்தும் பார்த்துவிடுங்கள்.

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யணும். அதில் கிடக்கும்வரை இடம் மிச்சமாகாது. எங்கள் வீட்டில் அதில் மட்டும் 18 ஜி.பி.! எல்லாம் என் கணவர் 'எப்பவோ அழிச்சுட்டேனே' என்ற கிரிக்கெட் வீடியோக்கள்.