கிட்: போல்டர் இருக்கிறது, பைல்கள் எங்கே?

வீட்டில் ஒரு டெஸ்க்டாப், வெளியூர் போனால் லேப்டாப். இரண்டிலும் ஒரே வேலையைத் தொடரப் பலரும் பயன்படுத்துவது கிட் என்னும் இலவச புரோகிராம். லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது. போல்டரில் நீங்கள் செய்யும் மாற்றங்களை இது 'கமிட்' என்ற பதிவுகளாகச் சேமிக்கும். 'புஷ்' கொடுத்தால் அவை கிட்ஹப் போன்ற சர்வருக்குப் போகும். லேப்டாப்பில் 'குளோன்' செய்தால் எல்லாம் வந்து சேரும். இப்படிப்பட்ட போல்டருக்கு ரெபாசிட்டரி என்று பெயர்.

எல்லாம் என்றேன், ஒன்று மட்டும் வராது. ஹியூகோ என்ற புரோகிராமில் சொந்தமாக இணைய தளம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அதன் தீம்ஸ் போல்டருக்குள் யாரோ தயாரித்த தீம் ஒன்றை குளோன் செய்கிறீர்கள். அந்த தீமும் ஒரு ரெபாசிட்டரிதான். அதில் நிறம், எழுத்து எல்லாம் மாற்றி, தளத்தை புஷ் செய்கிறீர்கள். எர்ரர் எதுவும் வராது. லேப்டாப்பில் குளோன் செய்து பார்த்தால் தீம் போல்டர் இருக்கும், உள்ளே காலி! கிட்ஹப்பில்தான் இருக்கிறதே என்று அதற்குள் டெஸ்க்டாப்பை பார்மட் செய்திருந்தால், நீங்கள் மாற்றியது போனது போனதுதான்.

காரணம் இதுதான். தீமுக்குள் '.கிட்' என்று மறைந்திருக்கும் போல்டரைக் கண்டதும், வெளி ரெபாசிட்டரி அங்குள்ள பைல்களைச் சேர்ப்பதில்லை. எந்த கமிட் என்ற 40 எழுத்து அடையாளத்தை மட்டும் குறித்துக் கொள்ளும். பேங்க் லாக்கர் எண்ணை டைரியில் எழுதி வைப்பது போல. டைரியை ஜெராக்ஸ் எடுத்தால் நகை வருமா? 'கிட் ஆட்' கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வரும். நீளமாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

உங்களுடையதைச் சோதிக்க 'கிட் எல்எஸ்-பைல்ஸ் --ஸ்டேஜ்' கொடுங்கள். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.) 160000 என்று தொடங்கும் வரி இருந்தால், அந்த போல்டர் இந்த வகைதான்.

தீமின் பழைய கமிட்கள் தேவையில்லை என்றால் வழி சுலபம். முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். 'கிட் ஆர்எம் --கேச்டு' என்று அந்த போல்டரின் பெயரைக் கொடுத்து, உள்ளேயிருக்கும் '.கிட்' போல்டரை அழித்து, மறுபடி 'கிட் ஆட்' செய்யுங்கள். வீட்டு உபயோகத்திற்கு இதுவே போதும் என்பேன்.

தீமை எழுதியவர் பின்னால் தரும் மாற்றங்களும் வேண்டுமா? அப்போது சப்மாட்யூல். அடுத்தவர் ரெபாசிட்டரிக்கு நீங்கள் புஷ் செய்ய முடியாது. எனவே கிட்ஹப்பில் அதை 'போர்க்' செய்து உங்கள் பிரதியாக்கி, அந்த முகவரியை 'கிட் சப்மாட்யூல் ஆட்' மூலம் சேருங்கள். லேப்டாப்பில் 'கிட் குளோன்' உடன் '--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்' சேர்த்தால் தீமும் வரும். முன்பே குளோன் செய்துவிட்டால் 'கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்' கொடுங்கள்.

இப்படி வந்த தீம் எந்தக் கிளையிலும் இருக்காது. அதைத் திருத்தும் முன் உள்ளே சென்று 'கிட் செக்அவுட் மெயின்' (பழையவற்றில் மாஸ்டர்) கொடுங்கள். முடிந்ததும் முதலில் தீமை புஷ் செய்யுங்கள், பிறகு தளத்தை. 'கிட் புஷ் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்=செக்' என்று கொடுத்தால், தீம் சர்வருக்குப் போகாதவரை தளத்தையும் கிட் அனுப்ப மறுத்துவிடும்.