ஏழு குன்றுகளின் நகரில் மின்மிதிவண்டி

நுழையும்முன்

ஒரு நகரைப் பேருந்தின் கண்ணாடி வழியே காண்பதும் அதன் தெருக்களில் காற்றுப்பட நகர்ந்து காண்பதும் ஒன்றல்ல. மேடும் பள்ளமும் மிகுந்த பழைய நகரங்களில் இரண்டாம் வழி நெடுங்காலம் கால்வலுவுள்ளோர்க்கே வாய்த்தது. போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் மின்மிதிவண்டியும் அதனோடு வரும் வழிகாட்டியும் இந்நிலையை எவ்வாறு மாற்றியுள்ளனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குன்றின்மேல் குடியிருப்பு

ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரத்தில், தேஜோ ஆறு அட்லாண்டிக் பெருங்கடலோடு கலக்கும் கழிமுகத்தின் வடகரையில் லிஸ்பன் அமைந்துள்ளது. ஏழு குன்றுகளின் நகரம் என்று அதனைக் கூறுவர். அக்குன்றுகள் நகருக்கு வெளியே தொலைவில் தெரிபவை அல்ல. வீடுகளும் தேவாலயங்களும் கடைத்தெருக்களும் அவற்றின்மேலேயே ஏறி அமர்ந்துள்ளன. அடுத்த தெருவுக்குச் செல்லவும் படிக்கட்டு ஏறவேண்டிய இடங்கள் பல.

இந்த ஏற்றத்தை வெல்ல அந்நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே பொறிகளை நாடினர். 1885இல் குளோரியா என்னும் செங்குத்துச் சாலையில், வடத்தால் இணைக்கப்பட்ட இரண்டு வண்டிகள் ஏறியும் இறங்கியும் ஓடத் தொடங்கின. 1901இல் மின்சார டிராம் வந்தது. 1902இல் சாந்தா ஜுஸ்தா என்னும் 45 மீட்டர் உயர இரும்புத் தூக்கி, கீழ்த்தெருவையும் மேல்தெருவையும் இணைத்தது. முதலில் நீராவியாலும் பின்னர் மின்சாரத்தாலும் அது இயங்கியது. இவை இன்று காட்சிப்பொருள்கள் ஆகிவிட்டன. 28ஆம் எண் மஞ்சள் டிராமில் பயணிகள் நெருக்கியடித்து ஏற, சந்தைக்குச் சென்று திரும்பும் உள்ளூர் மூதாட்டிக்கு இடம் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டியின் வட இணைப்பு அறுபட்டு, வண்டி தடம்புரண்டதில் 16 பேர் உயிரிழந்தனர். பழம்பொறிகள் சுமக்கும் பாரம் எத்தகையது என்பதை அத்துயரம் உணர்த்தியது.

இந்த வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்ததே மின்மிதிவண்டி. 2017இல் தொடங்கப்பட்ட ‘கிரா’ என்னும் பொது மிதிவண்டித் திட்டத்தில் மின்னுதவி பெற்ற வண்டிகள் இடம்பெற்றமைக்கும் இக்குன்றுகளே காரணம்.

காலும் மோட்டாரும்

மின்மிதிவண்டியை ஸ்கூட்டரின் தம்பியாகக் கருதுவது பிழை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, மிதிவண்டியாக ஏற்கப்படும் வண்டியின் மோட்டாருக்குத் தொடர்திறன் 250 வாட்டுக்கு மிகக்கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது, மிதிப்பவர் மிதித்தால்தான் மோட்டார் துணைவர வேண்டும் என்பது. மிதிகட்டையின் அச்சருகே உள்ள உணரி கால் இயங்குவதை அறிகிறது. சிறந்த வண்டிகளில் அது கால் தரும் விசையையும் அளந்து, அதற்கேற்ப மோட்டாரை இயக்குகிறது. கால் ஓய்ந்தால் துணையும் ஓயும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநர் 75 கிலோகிராம், வண்டி 25 கிலோகிராம் எனக் கொள்வோம். நூறு மீட்டர் தொலைவுக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, உராய்வை விடுத்தே ஏறத்தாழ 220 வாட் திறன் தேவை. பயிற்சியற்ற ஒருவர் நெடுநேரம் தளராமல் தரக்கூடியது 100 வாட் அளவே. எதிர்காற்றில் மிதித்துப் பள்ளிக்கு வரும் மாணவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. குறையும் 120 வாட்டை மோட்டார் ஈடுசெய்கிறது. மலையேற்றம் சமதரைப் பயணம்போல் ஆகிறது.

இதற்குச் செலவாகும் மின்சாரமோ வியப்பூட்டும் அளவுக்குச் சிறிது. லிஸ்பனின் கோட்டைக்குன்று நூறு மீட்டருக்குச் சற்றே மிகுந்த உயரமுடையது. நூறு கிலோகிராம் எடையை நூறு மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 27 வாட்மணி. ஒன்பது வாட் எல்இடி விளக்கு மூன்று மணிநேரம் எரிவதற்கு ஆகும் மின்சாரம் அது. வெப்பமாக வீணாவது போகவும், 400 அல்லது 500 வாட்மணி கொள்ளும் லித்தியம் மின்கலம் ஒன்று அக்குன்றில் பலமுறை ஏறப் போதுமானது.

ஏறுவதைவிட இறங்குவதே இடர்மிக்கது. சாலைகளில் பதித்த கல் மழையில் வழுக்கும். டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் சக்கரம் சிக்கினால் ஓட்டுநர் விழுவது உறுதி. ஆகவே தண்டவாளத்தைச் சாய்வாகக் கடவாமல், கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். தலைக்கவசத்தைப் பொருத்தி, இரு தடைகளையும் ஒருசேர அழுத்தப் பழக்கி, இந்தத் தண்டவாளப் பாடத்தையும் சொன்ன பின்னரே நல்ல வழிகாட்டி குழுவை நகர்த்துவார்.

ஒரு காலை பறித்துச் சென்ற நகரம்

உலா பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டிய வணிகச் சதுக்கத்தையோ அதன் அருகிலுள்ள தெருக்களையோ மையமாகக் கொண்டிருக்கும். அங்கே ஒரு காலத்தில் அரண்மனை இருந்தது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது. இடிபாடுகளிலிருந்து தப்பியோர் திறந்தவெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினர். சிறிது நேரத்தில் ஆற்றின்வழி ஏறிவந்த ஆழிப்பேரலை அவர்களை வாரிக்கொண்டது. திருநாளுக்கென ஏற்றிய விளக்குகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ பல நாள் எரிந்தது. இறந்தோர் பல்லாயிரவர். அரண்மனையோடு அதன் நூலகமும் அழிந்தது.

பின்னாளில் பொம்பால் கோமகன் எனப் பெயர்பெற்ற அமைச்சர் நகரை மீண்டும் எழுப்பும் பணியை மேற்கொண்டார். முதுபெரும் பொறியாளர் மானுவேல் தா மையா திட்டம் வகுத்தார். கோணல் சந்துகளுக்கு மாறாக நேர்கோட்டுத் தெருக்கள் வந்தன. பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு எனத் தொழிலால் பெயர் பெற்ற அத்தெருக்களில் இன்றும் வண்டிகள் செல்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புதுமை சுவர்களுக்குள் இருக்கிறது. குறுக்குச் சட்டங்கள் பெருக்கல் குறிபோல் பின்னப்பட்ட மரக்கூடு ஒன்றை அமைத்து, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினர். நிலம் அசைந்தால் மரம் வளைந்து கொடுக்கும். அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தனர் என்பர். பேருந்தில் விரைவோர்க்கு இவை வெறும் மஞ்சள் கட்டடங்கள். மெல்ல ஊர்ந்து, ஒரு வாயிலருகே நின்று கேட்போர்க்கோ சுவருக்குள் இருக்கும் கூடும் விளங்கும்.

அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் புனித தொமினிக் தேவாலயம் உள்ளது. 1506இல், கட்டாயத்தின்பேரில் கிறித்தவராக்கப்பட்டிருந்த யூதர்களுக்கு எதிராக இவ்விடத்தில் மூண்ட கலவரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன் நினைவுக்கல் 2008இல்தான் வைக்கப்பட்டது. வழிகாட்டியின் தரத்தை இங்கே அளந்துவிடலாம் என்பது என் கருத்து. வண்டியை நிறுத்தாமல் கடப்பவரும் உண்டு. நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, நடந்ததை நடந்தவாறே சொல்பவரும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

நிலநடுக்கத்துக்கு முற்பட்ட லிஸ்பனோடு தமிழுக்கும் தொடர்பு உண்டு. 1554இல் அந்நகரில் ‘கார்டிலா’ என்னும் சமயக் கல்வி நூல், தமிழையும் போர்ச்சுகீசியத்தையும் இணைத்து அச்சிடப்பட்டது. அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்துகளில் அமைந்திருந்தன. அதன் ஆக்கத்தில் லிஸ்பனில் வாழ்ந்த தமிழர் மூவர் பங்கேற்றனர். அந்நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் தனிநாயகம் அடிகள் குறிப்பிடத்தக்கவர்.

இறங்கி நடக்கும் இடம்

தேவாலயத்தைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. 1147இல் அஃபோன்சோ என்ரிக்கஸ் மன்னர் நகரைக் கைப்பற்றிய பின் மூர் இனத்தவர் குடியிருக்க ஒதுக்கப்பட்ட மோராரியா வழியே கிராசா குன்றுக்கு வண்டிகள் ஏறுகின்றன. அறுபது வயதைக் கடந்தவர்களும் முழங்கால் நோவுடையவர்களும் மூச்சிரைக்காமல் மேலே வந்து சேர்வதை இங்கே காணலாம். உச்சியில் நின்றால் கோட்டையும் செவ்வோட்டுக் கூரைகளும் அகன்ற ஆறும் ஒரே பார்வையில் அடங்கும். சற்றுக் கீழே சாந்தா லூசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில், நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் ஒரு காட்சி தீட்டப்பட்டுள்ளது. நிலநடுக்கத்துக்கு முன்பிருந்த ஆற்றங்கரைச் சதுக்கம் அது. காலையில் வண்டியேறிய வெற்றிடத்தை அழியாத உருவில் பயணி இங்கே காண்கிறார்.

அச்சுவருக்குக் கீழே விரிவது அல்ஃபாமா. வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். நிலநடுக்கத்தில் பெரும்பகுதி தப்பிய பழைய குடியிருப்பு. சந்துகள் குறுகியவை, பல படிகளாலானவை. இங்கே மின்மிதிவண்டி பயன்படாது. வண்டிகளை மேலேயே பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

நடக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. சன்னலுக்குச் சன்னல் துணி உலரும் அச்சந்துகளில் மக்கள் வாழ்கின்றனர். சுற்றுலா பெருகியதும் பல வீடுகள் குறுகியகால வாடகை அறைகளாக மாறின. வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் நகரின் புறப்பகுதிகளுக்குச் சென்றனர். நம் ஊர் ஆட்டோவை ஒத்த மூன்று சக்கரச் சுற்றுலா வண்டிகள் ஒலியோடும் நெரிசலோடும் பெருகியபோது மாநகராட்சி அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. மோராரியாவின் சில சுவர்களில் அங்கு வாழும் முதியோரின் நிழற்படங்களை ஒரு கலைஞர் பதித்துள்ளார். அடுத்தடுத்து வரும் குழுக்கள் அப்படங்களை மீண்டும் படம் எடுத்துச் செல்கின்றன. படத்தில் இருக்கும் மூதாட்டி அதே தெருவில் காய்கறிப் பையோடு வந்தால் வழிவிட வேண்டும் என்பது எல்லார்க்கும் தோன்றுவதில்லை.

மின்மிதிவண்டி புகை கக்குவதில்லை, ஒலி எழுப்புவதில்லை. ஆயினும் பத்து வண்டிகள் ஒரு சந்தின் வாயிலை அடைத்து நின்றால் புகையில்லை என்பதால் வழி திறந்துவிடாது. குழுவைச் சிறிதாக வைப்பதும், வீட்டு வாயில்களை விட்டு விலகி நிற்பதும், உரக்கப் பேசாதிருப்பதும் வழிகாட்டியின் பொறுப்பு. குன்றை எளிதாக்கிய பொறிக்கு இவற்றைக் கற்பிக்க இயலாது.

ஆற்றோரம்

அல்ஃபாமாவைச் சுற்றிப் பார்த்தபின் வண்டிகள் ஆற்றங்கரைக்கு இறங்குகின்றன. 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட, கூர்முனைக் கற்கள் பதித்த ‘பிக்கோஸ் இல்லம்’ அங்கே உள்ளது. 1998இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜோசே சரமாகுவின் பெயரிலான அறக்கட்டளை இப்போது அதில் இயங்குகிறது. எதிரே நிற்கும் ஒலிவ மரத்தின் அடியில் அவருடைய சாம்பல் இடப்பட்டுள்ளது.

அங்கிருந்து மேற்கே பெலெம் பகுதிவரை, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. அட்லாண்டிக்கிலிருந்து வீசும் காற்று முகத்தில் அறைவதால் இங்கும் சிலர் மோட்டாரின் உதவியை முடுக்கிக்கொள்வர். வாஸ்கோ ட காமா 1497இல் கப்பலேறிய கரை இது. மறு ஆண்டு அவர் கோழிக்கோட்டை அடைந்தார். 1501இல் தொடங்கிக் கட்டப்பட்ட ஜெரோனிமோஸ் துறவிமடத்தில் அவருடைய கல்லறை உள்ளது. தூண்களில் கப்பல் கயிறுகளும் கடல்சார் உருவங்களும் கல்லில் முறுக்கிச் செதுக்கப்பட்டுள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின்மேல் நூற்றுக்கு ஐந்து என விதிக்கப்பட்ட வரியால் அம்மடம் எழுந்தது.  அக்காலத்து லிஸ்பனில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் மிகப்பலர் வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டி, தூண்களின் அழகைக் காட்டிய அதே இடத்தில் நின்றே அதைச் சொல்கிறார். பின்னர்த் தலைக்கவசங்களை மீண்டும் பூட்டிக்கொண்டு, காற்று இம்முறை முதுகில் வீச, குழு கிழக்கு நோக்கித் திரும்புகிறது.