இதய நாடியைப் பார்க்கும் ஸ்கான்

நாலு வாளி தண்ணீர் அள்ளியதும் மூச்சு வாங்குகிறதா? தாடையிலோ முதுகிலோ நோ, காரணமில்லாத களைப்பு? பெண்களுக்கு இதய நாடி ஒடுங்கினால் இப்படியும் காட்டும். 'கவலையால் வருவது' என்று நாமே தள்ளிவிடுகிறோம்.

ஒடுக்கத்தைச் சீ.ரி. ஸ்கானில் பார்க்கலாம். கை நாளத்தில் சாயமருந்து ஏற்றி, சில செக்கன்கள் மூச்சை அடக்கச் சொல்லிப் படமெடுப்பார்கள். இதயம்வரை குழாய் செலுத்துவதில்லை. ஸ்கொட்லாந்தில் நெஞ்சு நோவுடன் வந்த 4,146 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ ஏற்பட்டது, ஸ்கானும் செய்த பிரிவில் 2.3 வீதம்; மற்றப் பிரிவில் 3.9 வீதம். ஒடுக்கத்தைக் கண்டு உரிய மருந்தைத் தொடங்கியதே பயன் தந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சிறுநீரக நோய், ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். நெஞ்சில் ஷெல் துண்டு இருந்தாலும் மறைக்க வேண்டாம். உலோகம் படத்தில் கீற்று விழுத்தும். நெஞ்சு இறுகி வியர்த்தால் மட்டும் ஸ்கானுக்குத் திகதி கேட்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.